பிரிம்லிக் கல்லறையும் பெரியாற்றுக் கல்லறைகளும்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள பிரிம்லி ஒரு காலத்தில் சிறிய நாட்டுப்புறக் குருசேகரமாக இருந்தது. அங்குள்ள தூய பேதுரு ஆலயம் 1825இல் கட்டப்பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட் அதன் கல்லறைத்தோட்டத்தில் துயில்கிறார். ஆயினும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அங்குச் செல்வோர் தேடுவது 1911இல் மறைந்த கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் கல்லறையையே. முல்லைப் பெரியாற்று அணையை 1887 முதல் 1895 வரை கட்டி முடித்த பொறியாளர் அவர்.

இந்த நன்றியுணர்வை நாம் எள்ளி நகையாடோம். மேற்கே கடலுக்குச் சென்ற நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையோடு கலந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை உயிரோடிருந்தபோதே அந்நீர் வந்தது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் எழுந்தது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022இல் இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

நாம் திறனாய விழைவது நம் பிரசங்க பீடங்களில் இவ்வரலாறு பெறும் வடிவத்தையே. தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்பது தியாகத்திற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுகிறது. இதற்கு உறுதியான ஆவணச் சான்று காட்டப்படவில்லை. அணை அரசுப் பணத்தில் எழுந்த பாசனத் திட்டம். வரி வருவாயும் அதன் கணக்கில் இருந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுகளுக்குச் செய்த குத்தகையும் ஒரு பேரரசின் ஒப்பந்தமே. பென்னிகுவிக்கின் திறமையும் விடாமுயற்சியும் இதனால் குறையா. மெய்யாக நிகழ்ந்த தியாகம் ஒன்று மட்டும் இக்கதையினால் மறைகிறது.

அணைக்கருகே காட்டினுள் மற்றொரு கல்லறைத்தோட்டம் உண்டு. காய்ச்சலாலும் பிற நோய்களாலும் கட்டுமானக் காலத்தில் மாண்டோர் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். அது இன்று பெரியார் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் உள்ளது. நினைத்தவுடன் எவரும் போய்வர இயலாது. பிரிம்லியில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. இங்கோ சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்த கூலியாட்களின் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை.

வேதத்திலும் இவ்விரு வகைக் கட்டட வரலாறுகள் உள்ளன. 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் சாலொமோன் பிடித்த அமஞ்சி ஆட்கள் முப்பதினாயிரம். ஆலயம் அரசன் பெயரால் நின்றது, ஆட்களுக்கோ எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியது. நெகேமியா 3ஆம் அதிகாரமோ அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களைப் பகுதி பகுதியாகப் பெயர் சொல்லிப் போகிறது. தட்டாரும் தைலக்காரரும் அதில் வருகின்றனர். தன் குமாரத்திகளோடு வேலை செய்த ஒருவனும் வருகிறான். கழுத்தைக் கொடாத தெக்கோவாப் பிரபுக்களையும் அது விட்டுவைக்கவில்லை. வாசிக்கச் சலிப்பூட்டும் அதிகாரமென நம் மாணவர் இதைத் தாண்டிச் செல்வது வழக்கம்!

மாண்ட கூலியாட்கள் நம் சபையினர் அல்லரே என்று சிலர் கூறக்கூடும். பாலார்பட்டியில் பொங்கலிடுவோர் பென்னிகுவிக்கின் சபை எது என்று கேட்டதில்லை.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் ஊழியம் செய்யும் ஆயர்கள் முதியோரிடம் கேட்கலாம்: அணைவேலைக்குப் போய்த் திரும்பாத முன்னோர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் உண்டா? கிடைக்கும் பெயர்கள் பத்தேயாயினும், கல்லறைத் திருநாள் ஆராதனையில் அவற்றை வாசிக்கலாம். பிரிம்லிக்குப் பயணம் போகவேண்டிய தேவை இதற்கில்லை.