கோப்புப் பூட்டும் காத்திருப்பின் நீதியும்: ஒரு விமர்சன நோக்கு

ஒரே கோப்பினைப் பல பணிகள் ஒரே வேளையில் நாடும்போது, கணினியின் பணிசெயல் முறைமை பூட்டுகளின் வாயிலாக ஒழுங்கினைப் பேணுகின்றது. வாசிப்புப் பூட்டினைப் பல பணிகள் ஒருங்கே கொண்டிருக்கலாம். எழுத்துப் பூட்டோ ஒன்றுக்கே உரியது. முரண்படும் பூட்டைக் கோரும் பணி உறங்கவைக்கப்படுகின்றது. பூட்டு விடுபட்டதும் எதனை எழுப்புவது என்பது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. பங்கீடு பற்றிய வினாவுமாகும் என்பதே எமது கருத்து.

லினக்ஸ் முறைமையின் முன்னைய வழக்கம் எளிமையானது. பூட்டு விடுபட்டதும் அதற்கெனக் காத்திருந்த அனைத்தும் எழுப்பப்பட்டன. எழுத்துப் பூட்டுக்காக 100 பணிகள் காத்திருந்தனவெனக் கொள்வோம். ஒன்று வெல்ல, 99 மீண்டும் உறங்கும். இவ்வாறு யாவும் முடிவதற்குள் 5,050 எழுப்புதல்கள் நிகழ்ந்துவிடும். அவற்றுள் பயனுடையவை 100 மாத்திரமே.

2019 மார்ச்சில் வெளிவந்த 5.0 பதிப்பில், நீல் பிரவுணின் திருத்தங்கள் இந்நிலையை மாற்றின. புதிய கோரிக்கை, ஏற்கெனவே காத்திருக்கும் ஒன்றுடன் முரண்படின் அதன்கீழ் இணைக்கப்படுகின்றது. இதனால் காத்திருப்போர் வரிசை மரவடிவம் பெறுகின்றது. பூட்டு விடுபடும்போது நேரடிக் கிளைகள் மட்டுமே எழுப்பப்படுகின்றன. வென்ற பணியின்கீழ் உள்ளவை உறக்கம் கலையாது அதன் புதிய பூட்டின்கீழ்த் தொடர்கின்றன. ஒன்றோடொன்று முரண்படாத வாசிப்போர் உடன்பிறப்புகளாய் ஒருங்கே எழுகின்றனர். வீண் உழைப்பை ஒழித்தமை இவ்வமைப்பின் மறுக்கவியலாச் சிறப்பாகும்.

எனினும், சிக்கனம் வேறு, நீதி வேறு. புதிய கோரிக்கையொன்றை வழங்கலாமா என்பது, நடப்பிலுள்ள பூட்டுகளை நோக்கியே தீர்மானிக்கப்படுகின்றது, காத்திருப்போரை நோக்கியன்று. ஆகவே வாசிப்புப் பூட்டு நிலவுகையில், எழுதக் காத்திருக்கும் பணியைக் கடந்து புதிய வாசிப்போர் உடனடியாக உட்புகலாம். முன்னவர் விலகுமுன் பின்னவர் நுழைந்தவண்ணம் இருப்பின், எழுதுவோனின் காத்திருப்புக்கு எல்லையே இல்லை. மரம் இக்குறையை உருவாக்கவில்லை, ஆனால் நீக்கவுமில்லை.

காத்திருக்கும் எழுத்துக் கோரிக்கைக்குப் பின்னால் புதிய வாசிப்போரையும் நிறுத்தலாம். அப்போது ஒருங்கே வாசிக்கக்கூடியோரும் தாமதிக்க நேரிடும். இவ்விரண்டினுள் எதனைத் தெரிந்தாலும், யாரோ ஒருவர் விலை செலுத்தவே வேண்டும். அவ்விலையை யார் செலுத்துவது என்பதை வெளிப்படையாக ஆராயாது, வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் மதிப்பீடு முழுமையானதன்று. எழுப்பப்பட்டவற்றின் எண்ணிக்கையோடு, எழுப்பப்படாதவற்றின் காத்திருப்பையும் அளத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.