கலையும் ஒரு சாட்சியே: தமிழ்க் கிறிஸ்தவக் கலை மரபுகளும் அவற்றின் தரமும்

தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் முதன்முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அரசனையோ தீர்க்கதரிசியையோ அல்ல, ஒரு கைவினைஞனை. ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினக் கல் பதிக்கவும், மரம் செதுக்கவும் பெசலெயேல் அழைக்கப்பட்டதை யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆவியின் வரமும் கைத்திறனும் அங்கே சேர்ந்தே வருகின்றன. தமிழ்க் கிறிஸ்தவக் கலைஞர்களில் காலம் கடந்து நிற்பவர்களும் அப்படித்தான். பக்தி இருக்கிறதே என்று திறமையில் குறை வைத்தவர்கள் அல்லர் அவர்கள். இந்த மண்ணின் கலை இலக்கணத்தை முறையாகக் கற்று, அதே அளவுகோலால் தங்களையும் அளக்கக் கொடுத்தவர்கள்.

காவிய மரபு

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலும் சதுரகராதியும் செய்தவர். அதே புலமையிலிருந்து எழுந்ததுதான் தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் அதில் ‘வளன்’ என்னும் காப்பியத் தலைவராக நிற்கிறார். நாட்டு வருணனையும் நகர வருணனையும் தமிழ்க் காப்பிய முறைப்படியே அமைந்தவை.

திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) கம்பனில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தத் தமிழை அவர் கைவிடவில்லை. ஜான் பன்யனின் உரைநடைக் கதையை எடுத்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியமாக வெளியிட்டார். கம்பனைக் கற்றவர்கள் முன்னால் வைத்தாலும் தலைநிமிர்ந்து நிற்குமா என்பதே இந்த மரபின் அளவுகோல்.

கீர்த்தனை மரபு

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னருடன் கற்றவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குறவஞ்சிக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. தலைவன் பவனி வருவான், கண்ட தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், அவளைத் தேடிச் சிங்கன் வருவான். சாஸ்திரியார் இந்த அமைப்பில் எதையும் உடைக்கவில்லை. பவனி வருபவர் கிறிஸ்துவாகிறார். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்பவள் விசுவாசம். சிங்கன் விரிக்கும் வலை சுவிசேஷ வலையாகிறது. சிற்றூர்ப் பாட்டிக்கும் தெரிந்த கதைப்போக்கில், அவள் கேட்டறியாத செய்தி இயல்பாக வந்து அமர்கிறது. வடிவத்தை உள்ளிருந்து அறிந்தவரால் மட்டுமே இது முடியும்.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன்பின் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு ஊர் ஊராக ஆலயங்களில் வேரூன்றியது. இராகம், தாளம் பிசகாமல், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கச் சபை முழுவதும் திருப்பிப் பாட முடிய வேண்டும். பொருளும் ஆழமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் அது கீர்த்தனை.

சபைக்கு வெளியேயும் இந்த மரபு பரவியது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைக் கச்சேரி மேடைகள் ஏற்றுக்கொண்டன. தஞ்சையில் சித்த வைத்தியராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கித் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலைத் தந்தார். தமிழிசையின் சுருதிகளைப் பற்றிய அந்த ஆராய்ச்சி தமிழர் எல்லாருக்கும் உரியது. தேவன் தந்த அறிவை எல்லாருக்கும் பயன்படச் செய்ததே அவருடைய ஊழியம்.

கூத்தும் பாஸ்காவும்

கத்தோலிக்க ஊர்களில் தவக்காலமும் ஈஸ்டரும், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தின் காலம். இயேசுவாக நடிக்க ஆளை நிறுத்தாமல் சுரூபத்தையே வைக்கும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் புனிதர் வரலாறுகள் முழு இரவுக் கூத்துகளாகவே வளர்ந்தன. எஸ்தாக்கியார் நாடகம் அவற்றுள் பேர்பெற்றது. அருட்தந்தை நீ. மரியசேவியர் 1965இல் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, அந்தக் கூத்து மரபை நவீன அரங்கோடு இணைத்தார். போர்க்காலத்திலும் அந்த மன்றம் தளரவில்லை. தமிழ்நாட்டில் 1977இல் திருச்சியில் தொடங்கிய கலைக் காவிரி பரதத்துக்கும் இசைக்கும் முறையான பயிற்சி தந்து, இன்று நுண்கலைக் கல்லூரியாக நிற்கிறது.

பறை ஒலித்த வழிபாடு

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) முந்தைய மரபுகளைப் பார்த்து ஒரு கடுமையான கேள்வி எழுப்பினார். கீர்த்தனையின் தமிழும் இராகமும் யாருடையவை? சேரியில் இருக்கும் கிறிஸ்தவரின் இசைக்கு ஆலயத்தில் இடம் எங்கே? பேச்சுத் தமிழிலும் நாட்டுப்புற மெட்டிலும் வழிபாட்டையே அமைத்தார். தீட்டு என்று தள்ளப்பட்ட பறைக்கு மரியாதை தேடித் தந்தார். பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர் வைத்த அளவுகோல் வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டுப் பாட வேண்டும். பாடுகிறவர்கள் தங்கள் ஊருக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். எளிமை என்ற பெயரில் அவர் தரத்தைத் தளர்த்தினார் என்று நினைப்பது தவறு. நாட்டுப்புறத் தாளத்துக்கும் கண்டிப்பான இலக்கணம் உண்டு. அடி தப்பினால் ஆடுகிறவரின் கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பென்னாகரத்தில் நாம்

இந்த மரபுகளின் வெளிச்சத்தில், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரமான நம் பகுதியைப் பார்ப்போம். நம் பகுதிச் சபைகளில் கீத பவனியும் குடிலும் கிறிஸ்துமஸ் நாடகமும் உற்சாகமாகவே நடக்கின்றன. இளைஞர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. பயிற்சிதான் போதவில்லை. கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தாளம் வருகிறது, செல்போனில் ட்ராக் ஓடுகிறது, அதன்மேல் பாடிவிடுகிறோம். கருவிகளில் குற்றமில்லை. ஆனால் தாளம் போடக் கற்காத பாடகரும், வசனத்தை முந்தைய நாள் இரவு மனப்பாடம் செய்யும் நடிகரும் ஆண்டவருக்குத் தருவது மிச்சமான நேரத்தைத்தான்.

நம்மைச் சுற்றியோ பெரிய பள்ளி ஒன்று திறந்தே கிடக்கிறது. தருமபுரிச் சீமை பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த சீமை. கூத்தில் ஒரு வேடம் களத்துக்கு வரும் விதத்தைப் பாருங்கள். இருவர் திரை பிடிப்பார்கள். பின்னால் நிற்பவர் இன்னும் முகம் காட்டவில்லை. குரல் மட்டும் எழும்பும். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் அதை ஏந்திக்கொள்ளும். தான் யார், எந்த நாட்டு மன்னன் என்று பாட்டிலேயே சொல்லி, பார்ப்பவர் ஆவல் உச்சிக்குப் போன பிறகுதான் திரை விலகும். அடுத்த கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது அப்படி வரட்டுமே! மன்னனின் செருக்கும், அதற்கடியில் ஒளிந்திருக்கும் பயமும், ஒரு குழந்தைக்கு அஞ்சும் அதிகாரமும் அந்தப் பாட்டிலேயே வெளிப்பட்டுவிடும். இதற்குக் கூத்து வாத்தியாரிடம் மரியாதையோடு போய், தட்சிணை வைத்து, மாதக் கணக்கில் கற்க வேண்டும். அவர் வேறு சமயத்தவராக இருப்பது தடையல்ல. கிருஷ்ணப் பிள்ளைக்குக் கைகொடுத்த தமிழும் கம்பன் வளர்த்த தமிழ்தானே.

ஒரு பாட்டையோ நாடகத்தையோ சபைக்குக் கொண்டுவருமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுவோம். இந்தக் கலை தெரிந்தவர் இதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வாரா? நம் ஊர்த் தாய் இதைத் தன் பாட்டு என்று பாடுவாரா? இதைச் செய்ததில் நம் விசுவாசம் வளர்ந்ததா, அல்லது கைத்தட்டல் மட்டும் மிஞ்சியதா? முதல் கேள்வியைக் காவியப் புலவர்களும், இரண்டாவதைக் கீர்த்தனைக்காரர்களும் அப்பாவுவும் நமக்குக் கற்றுத் தந்தார்கள். மூன்றாவதை அவரவர் ஜெபத்தில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சபைகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். கட்டடத்துக்கு நிதி திரட்டும் அதே அக்கறையோடு, பாடவும் ஆடவும் வரையவும் ஆர்வமுள்ள ஒரு பிள்ளையையாவது தேர்ந்தெடுத்து நல்ல ஆசானிடம் அனுப்புங்கள், கற்று முடிக்கும்வரை செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பெசலெயேலுக்குப் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்து கொடுத்தது இஸ்ரவேல் சபைதான். அந்தக் கடமை இன்று நமக்கு.