கிறிஸ்தவர் கூறும் துன்பப் பயன்

பாதிரிமார் காலத்து எழுந்த தூஷண நூல்களையும், அவற்றை மறுத்து ஆறுமுக நாவலரவர்கள் 1854இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்தையும் பயின்ற சைவ நன்மக்கள், சிலுவை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே, இறைவன் நோவுறுதல் யாங்ஙனம் என வினாவி அவ்வளவில் அமைந்துவிடுவர். அவ்வினா தக்கதே. எனினும், அம்மதத்தை நம்பி வாழும் ஒருவன் தன்மேல் வந்த துன்பத்துக்கு யாது பொருள் கொள்கின்றான் என்னும் வேறொரு வினாவும் உளது. அதனை நம்மவர் அத்துணை ஆராய்ந்தாரல்லர். ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

நீலகிரியில் உதகைக்கும் குன்னூருக்கும் இடையே கிடக்கும் கேத்திப் பள்ளத்தாக்கு இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடமாகும். அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்று அங்கே தங்கிய காசாமேஜர் துரை என்பார் படுகர்பால் அன்பு பூண்டவர். அவர் ஆதரவால் பாசல் மிஷனாருடைய நிலையம் 1846இல் கேத்தியில் தொடங்கிற்று. மெற்சு பாதிரியார் முதலியோர் ஹட்டிதோறும் நடந்து போதித்தனர். ஆயினும் முதற் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இலேயாம். பன்னிரண்டாண்டு தாமதத்துக்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. படுகர் சிவவழிபாடு உடையார். அவருள் உடையார் எனப்படும் பிரிவினர் இலிங்கந் தரித்த வீரசைவர். மதம் மாறினார்க்கோ உறவும், ஹட்டியும், உடனுண்ணும் பந்தியும் ஒருங்கே நீங்கின. ஆகலின், துன்பத்தின் பொருள் யாது என்பது அவர்க்கு ஏட்டு வினாவன்று. விடிந்தால் முன்னிற்பதொரு வினா.

அவர்க்குக் கற்பிக்கப்பட்ட வேதத்தில் இதற்கு விடை ஒன்றன்று. தந்தை மகனைத் தண்டித்தல் போலக் கடவுள் அடியாரைத் திருத்துகின்றார் என்பது ஒன்று. கிறிஸ்துவின் பாடுகளில் அடியாரும் பங்குறுகின்றனர் என்பது மற்றொன்று. பவுல் இதனையே பெரிதும் வற்புறுத்துவர். இவற்றினும் நுணுகி நோக்கத்தக்கது யோவான் சுவிசேஷத்து ஒன்பதாம் அதிகாரத்துக் கதை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இது இவன் செய்த பாவத்தாலோ, பெற்றோர் பாவத்தாலோ என்று கேட்கின்றனர். பிறக்கும்போதே குருடனாயினான் தன் பாவத்தால் அங்ஙனம் ஆயினானோ என்று கேட்பார், பிறப்பிற்கு முன்னொரு நிலையை உன்னினார் போலும்! ஏசுநாதரோ இரண்டையும் மறுத்து, தேவனுடைய செயல் அவனிடத்து வெளிப்படுதற்கே என்கின்றார்.

இதனை நம்மவர் சிலர், தம் புகழ் காட்டுதற் பொருட்டு ஒருவனை ஆண்டு பலவாகக் குருடாக்கி வைத்த கடவுள் கொடியரல்லரோ என்று எள்ளுவர். அஃது அவர் கருத்தை முற்ற உணராது கூறுவதாம். சீடர் எதனால் வந்தது என்று கேட்டார். ஆசிரியரோ எதற்கு ஆகின்றது என்று வினாவையே திருப்பினார். யோபுவின் ஆகமத்திலும் நாற்பத்திரண்டு அதிகாரம் நடந்த வழக்கின் முடிவில், உன் பாவமே உனக்கு வந்தது என்று வாதித்த நண்பர்களே கடிந்து கொள்ளப்படுகின்றனர். நோயாளியின் பக்கத்திலமர்ந்து காரணம் கற்பித்தலினும் மருந்து தேடுதல் நன்றென்னும் மனநிலையை இக்கதைகள் வளர்த்தன. இது அம்மதத்தின் வலிமை என்று ஒப்புவதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை.

வலிமையின்மையும் உண்டு. எதனால் என்னும் வினாவைத் திருப்பலாம், போக்கலாகாது. ஒரே பிறவி என்பார்க்குப் பிறந்த அன்றே நோயுற்று மாயும் குழவியின் துன்பம் எவ்வாற்றானும் விளங்குவதன்று. திருந்துதற்கு அக்குழவிக்குக் காலமில்லை, பங்குறுதற்கு அறிவில்லை. மேலும், அதே சுவிசேஷத்து ஐந்தாம் அதிகாரத்தில், குளத்தருகே நலம் பெற்றானொருவனை நோக்கி, இதனினும் கேடு வாராதபடி இனிப் பாவஞ் செய்யற்க என்று எச்சரிக்கின்றார். ஆகவே வினைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவர் நூலே முற்றும் விலக்கிற்றில்லை.

சித்தாந்தம் இரு வினாவையும் ஒருங்கு ஏற்கின்றது. எதனால் எனின், பிராரத்தத்தால். எதற்கு எனின், மலபரிபாகத்திற்கு. வினை சடமாகலின் தானே வந்து பற்றாது, ஊட்டுவான் இறைவன். அவன் ஊட்டுவதும் மறக்கருணையே. பாடலிபுத்திரத்தில் நாவுக்கரசரைப் பற்றிய சூலை, அவர் முன்னை நெறிக்குத் தண்டமென்று மட்டும் கொள்ளற்பாலதன்று. தமக்கையார் திலகவதியார் செய்த விண்ணப்பத்துக்கு விடையும் அதுவே. ஒருவர் விண்ணப்பம் மற்றொருவர் வயிற்றில் நோயாய் வந்து அருளாய் முடிந்ததை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது.

இனி, ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமத்தல் என்பது. கேத்தி முதலிய ஊர்ப் படுகரது ஈமச் சடங்கில், இறந்தாருடைய பாவங்களை முதியரொருவர் அடுக்கிச் சொல்லக் கூடியிருப்பார் பாவம் என்று உடன்சொல்லுவர். ஆயிரத்து முந்நூறு பாவம் என்பது அவ்வுரையிற் பயிலுந் தொகை. ஒரு கன்றின்மேல் அவற்றைச் சேர்த்துப் பின் அதனை விட்டுவிடுதல் பழைய வழக்கம். மெற்சு பாதிரியாரும், 1871இல் தென்னாட்டு நாட்டுப் பாடல்களைத் தொகுத்த கோவர் துரையும் இதனைக் குறித்துள்ளனர். ஐரோப்பியர்க்கு இதனைக் கண்டவுடன் லேவியராகமத்து வெள்ளாட்டுக்கடா நினைவுக்கு வந்தது இயல்பே. யாம் கருதுவது வேறு: கன்று பசவன், பசவன் நந்தி, அவன் திருவடியிற் பாவத்தை ஒப்புவித்தலே அச்சடங்கின் உள்ளுறை. அன்று, அவர்கள் கருதியது பாவம் இடம் மாறுதலே என்று ஒருவர் வாதிப்பின், முற்ற மறுத்தற்கும் எம்மிடம் சான்றில்லை. ஹட்டி முதியோர் சிவஞானசித்தியார் ஓதிச் சடங்கு வகுத்தாரல்லரே.

வினை இடம் மாறாது என்பது நம் துணிபு. ஆயினும் அருளால் அழியும். நிருவாண தீக்கையிற் சஞ்சிதம் நீங்குதல் அதற்குச் சான்று. நஞ்சுண்ட கண்டனும் பிறர்க்கு வந்ததை ஏற்றானேயன்றி அதனால் நோவுற்றானல்லன். இங்கே கிறிஸ்தவர், நோவறியாத கடவுள் என் நோவை எங்ஙனம் அறிவார் என்பர். இவ்வினாவுக்கு நஞ்சுண்ட கதை மட்டும் விடையாகாது. இறைவன் உயிருக்குக் காட்டுதலோடு உடன் நின்று காணுதலும் செய்கின்றான் என்னும் அத்துவித உபதேசமே விடை. உயிர் துய்க்கும் நோவை அவன் புறத்தே நின்று கேட்டறிவானல்லன். உயிரினுள் நின்றே காண்கின்றான். தோய்வு மட்டும் இல்லை. இதனை நம் பிரசங்கிகள் முத்திநிலை பேசுமிடத்தன்றி நோயாளிமுன் எடுத்துரைக்கக் கண்டிலம்.

அவர்கள் அங்கே உரைப்பது, "எல்லாம் வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும்" என்பது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியபோது சம்பந்தப்பிள்ளையார் அங்ஙனம் உரைத்து அப்பாற் சென்றாரில்லை. வினை உண்டென்பதை மறவாமலே, அது எம்மைத் தீண்டலாகாதென்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடினார், சுரம் நீங்கிற்று. அவ்வூர் இன்றைத் திருச்செங்கோடு. கேத்தியைப் போலவே கொங்கின் பக்கத்தது.