சுருதி விலகல்: ஒரு கலைச்சொல்லின் போதாமை

இசை பற்றிய தமிழ் எழுத்துகளில் ‘சுருதி விலகல்’ என்னும் தொடர் பரவலாக வழங்குகிறது. பழைய பியானோ ஒன்றில் ஒருவர் சுரவரிசையை வாசிக்க, அது செவிக்கு ஒவ்வாது ஒலித்தால் சுருதி விலகியிருப்பதாகச் சொல்கிறோம். தேர்ந்த வினைஞர் அன்று காலையில் சுருதி கூட்டிய பியானோவிலும் அந்தரக் காந்தாரத்துக்குரிய சுரம் தூய விகிதத்தினின்று தள்ளியே நிற்கும். அதனையும் இதே தொடரால் குறிக்கிறோம். பாடகர் அரங்கில் ஆதாரத் தொனியை விட்டு இறங்கிவிட்டால் அதற்கும் இதே தொடர்தான். முதலாவது கருவியின் பழுது. இரண்டாவது கருவியின் அமைப்பு. மூன்றாவது பாடுவோரின் தவறு. பழுதையும் அமைப்பையும் ஒரே சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், மூலநூலாசிரியர் கூறாத குற்றச்சாட்டு ஒன்றை அவர் கூற்றாக ஏற்றிவிடுகிறார். இக்கட்டுரை அக்குறையை ஆராய்ந்து, தமிழ் இசைநூல் மரபில் அதற்கு மாற்று உண்டா எனக் காண முற்படுகிறது.

‘சுருதி’ கேட்டல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்தது. வேதத்தையும் அது குறிக்கும். இசையில் மட்டும் அதற்குக் குறைந்தது நான்கு பொருள்கள் உள. பாடுவோர் மேற்கொள்ளும் ஆதாரத் தொனி ஒன்று. அத்தொனியை இடைவிடாது ஒலிக்கும் துணைக்கருவியின் ஒலி மற்றொன்று. ஸ்தாயியை 22 ஆகப் பகுக்கும் நுண்ணிடை மூன்றாவது. ‘சுருதி சுத்தம்’ என்னும்போது ஒலிகள் பிறழாது பொருந்தி நிற்கும் நிலை நான்காவது. பேச்சு வழக்கில் இவை ஒன்றோடொன்று மோதுவதில்லை, சூழல் காத்துக்கொள்கிறது. ‘ஒன்றரைக் கட்டைச் சுருதி’ என்பதில் எப்பொருள் கொள்வது என எவரும் தடுமாறுவதில்லை. (அக்கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. ஆர்மோனியத்தைக் கடிந்துரைத்தவர்களும் தம் குரலின் உயரத்தை அதன் கட்டையாலேயே அளந்து சொல்லி வந்தனர் என்பது சுவையான செய்தி.) மொழிபெயர்ப்பில் அச்சூழல் துணை நிற்பதில்லை. பியானோவின் சுருதியைப் பற்றிய ஒரு வாக்கியம் இந்நான்கில் எதனைக் குறிக்கிறது என்பது பல இடங்களில் மூலத்தைப் பார்த்தாலன்றி விளங்காது.

சிக்கலை உணரப் பியானோவின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 கம்பிகள். தாழ்ந்த சுரங்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிய பருமனான கம்பி ஒன்றோ இரண்டோ இருக்கும். நடுவிலும் மேலும் உள்ள சுரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். அம்மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் நிற்றல் வேண்டும். ஒன்று சற்றே தளர்ந்தாலும் ஒலி ஏறியிறங்கி அலையும். இதனையே இயற்பியற் பாடநூல்கள் ‘விம்மல்’ என்கின்றன. மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும். கம்பிகளின் இழுவிசை கூடும். நடு ஸ்தாயியின் சுரங்கள் தாழ்ந்த சுரங்களினும் மிகுதியாக உயரும். உலர்ந்த காலத்தில் இதன் மறுதலை நிகழும். எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் சுரவரிசை கெடாது. 440 அதிர்வெண்ணில் நிற்கவேண்டிய சுரம் 430-இல் நிற்கும். தனித்து வாசிப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியவும் தெரியாது. வரிசை கெடுவது கம்பிகள் ஒவ்வாத அளவுகளில் பிறழும்போதுதான். ஆகவே, பழுது என்னும் ஒன்றுக்குள்ளேயே உயரப் பிறழ்வு, இடைவெளிப் பிறழ்வு, ஒருசுரக் கம்பிகளின் பிணக்கு என மூன்று அடங்கியுள்ளன. சுருதி கூட்டும் வினைஞருக்கு இவை மூன்று வேறு வேலைகள்.

இப்பழுதுகள் யாவும் நீங்கிய பின்னும் எஞ்சுவதுதான் கருவியின் அமைப்பு. 3:2 என்னும் தூய விகிதத்தில் பஞ்சமம் பஞ்சமமாக ஏறிச் சென்றால், பன்னிரண்டாம் படியில் புறப்பட்ட சுரத்துக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து சேர்தல் வேண்டும். சேர்வதில்லை, சிறிது தாண்டிவிடுகிறது. ஸ்தாயியை 1200 சென்ட் எனக் கொண்டால் அம்மிகை ஏறத்தாழ 23.5 சென்ட். இம்மிகையைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு சென்ட் குறுக்கியதே இன்றைய பியானோ முறை. பஞ்சமத்தில் அவ்விழப்பு தெரிவதில்லை. காந்தாரத்தில் தெரியும். தூய அந்தரக் காந்தாரம் 386 சென்ட். பியானோவில் அது 400. சுருதி கூட்டுவோர் இப்பிறழ்வை அகற்றுவதில்லை, எண்ணி வைக்கின்றனர். நடு ஸ்தாயிக்குச் சற்றுக் கீழே ஒரு காந்தார இடைவெளி நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை விம்முகிறதா, அதனை அடுத்த பஞ்சமம் நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக விம்முகிறதா எனக் கேட்டுத்தான் கம்பியை நிறுத்துவர். விம்மல் இல்லாவிட்டால் அங்கே பிழை. தூய்மையே பிழையாகிவிடும் ஓரிடத்தைச் ‘சுருதி விலகல்’ என்னும் தொடரால் எங்ஙனம் பெயர்ப்பது?

அம்மிகைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் ‘காமா’. கிரேக்கத்தில் வெட்டுண்ட துண்டு என்பது பொருள். நிறுத்தக்குறியின் பெயரும் அதுவே. அகராதியை மட்டும் நம்புவோர் ‘பித்தாகோரசின் காற்புள்ளி’ என எழுதிவிட இடமுண்டு. ‘எச்சம்’ எனப் பெயர்ப்பதும் முதலில் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் பித்தாகோரசு முறையில் 256/243 என்னும் வேறோர் இடைவெளிக்கு ‘லைமா’ என்று பெயர். எஞ்சியது என்பதே அதன் பொருள். எச்சத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, ‘துணுக்கு’ என்பதைக் காமாவுக்கு வைத்துக்கொள்வதே முறை.

இதனினும் வழுக்கலான இடம், மிகையைப் பங்கிடும் செயலின் பெயர். இலத்தீனில் ‘டெம்பராரே’ என்பது தக்க அளவில் கலத்தல், மட்டுப்படுத்தல். பாக் 1722-இல் 24 சுரநிலைகளுக்கும் இயற்றிய தொகுதியின் செருமானியத் தலைப்பில் இவ்வேரினின்று வந்த சொல் ‘நன்கு’ என்னும் அடையுடன் நிற்கிறது. ‘சமமாக’ என அது கூறவில்லை. எல்லாச் சுரநிலைகளும் வாசிக்கத் தக்கனவாகவும், அதே வேளையில் ஒவ்வொன்றும் தனிச்சாயல் உடையதாகவும் அமையும்படி மிகையைச் சமமின்றிப் பங்கிடும் முறைகளை வெர்க்மைஸ்டர் முதலானோர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்திருந்தனர். பாக் எம்முறையைக் கருதினார் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. தலைப்பைச் ‘சமசுருதிப் பியானோ’ எனப் பெயர்ப்பவர் அவ்விவாதத்தைத் தாமே முடித்துவைத்தவர் ஆகிறார். ‘நன்கு பகிர்ந்த’ என்பது மூலத்துக்கு அணியது. பகிர்வு சமமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சென்ட் என்னும் அலகைப் படைத்த அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் ஒலியனியலாளர், பழைய ஆங்கில உச்சரிப்பின் வரலாற்றை ஆராய்ந்தவர், மொழிபெயர்ப்பாளர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய செருமானிய நூலை அவர் 1875-இல் ஆங்கிலத்தில் தந்தார். அதில் ‘டோன்’, ‘கிளாங்’ என மூலம் வேறுபடுத்தும் இரு சொற்களை ஆங்கிலத்தில் எவ்வாறு வேறுபடுத்துவது என்பது பற்றி அவர் எழுதிய குறிப்புகள் மொழிபெயர்ப்போர் ஊன்றிக் கற்க வேண்டியவை. ஒலி ஒற்றுமையை நம்பிப் பிறர் ஆக்கிய சொற்களை அவர் மறுத்தார். நீளமானாலும் பொருள் மயங்காத தொடர்களையே மேற்கொண்டார். 1885-இல் பல நாடுகளின் சுரவரிசைகளை அளந்து எழுதிய கட்டுரையில், இயற்கை விதித்த ஒரே சுரவரிசை என ஒன்று இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். அலகு ஏதேனும் ஒரு மரபைச் சார்ந்திருக்குமாயின் பிற மரபுகள் யாவும் அதனினின்று விலகியனவாகவே தோன்றும். அத்தோற்றத்தை ஒழிக்கவே அவருக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அவ்வெண்ணும் பியானோவின் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்ததே என்பது வேறு செய்தி.

தமிழில் இக்கணக்கை முதன்முதலாக விரிவாக எடுத்துக்கொண்ட நூல் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917). 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயிக்கு 24 சமச் சுருதிகள் என அவர் நிறுவ முயன்றார். 1916-இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டிலும் இக்கருத்தை முன்வைத்தார். பழந்தமிழ் உரைகள் குரல் முதல் தாரம் ஈறாக 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுக்கின்றன, கூட்டினால் 22. பண்டிதர் கைக்கிளைக்கும் விளரிக்கும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டதாகக் கொண்டு 24 ஆக்கினார். அவ்விருபத்துநான்கில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் கிடைப்பது பியானோவின் பன்னிரண்டு கட்டைகளே. எனவே, அவர் மேலைமுறையைத் தமிழ்மீது ஏற்றினார் எனச் சிலர் குறை கூறுவர். அக்குறை மேலோட்டமானது என்பது என் கருத்து. அவர் தொடங்கிய இடம் பியானோ அன்று. ‘வட்டப்பாலை’ என்னும் சொல். 3:2 விகிதத்தில் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை என்பதை அவர் தெளிவாகவே கண்டார். அதனைக் கண்டோர் முன் இரண்டு வழிகள் உள. விகிதம் சரி, வட்டம் மூடாது என்பது ஒன்று. வட்டம் மூடியே ஆகவேண்டும், விகிதமே தவறு என்பது மற்றொன்று. பண்டிதர் இரண்டாவதைத் தெரிந்தார். வட்டம் எனப் பெயரிட்டவர்கள் அது மூடுவதாக அறிந்தே பெயரிட்டிருப்பர் என்பது அவர் வாதத்தின் அடிநிலை. ஓர் உருவகம் கணக்கை ஆண்ட இடம் இது. இராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு வீடுகளில் நரம்புகளை நிறுத்திய பழைய உரைகள் வீடுகளின் அகலம் சமம் எனக் கூறியதாகக் கொள்ளச் சான்று போதாது. ஆயினும், பங்கீட்டின் தேவையைத் தமிழ்ச் சொற்களாலேயே சிந்தித்துக் காட்டியவர் அவர். கலைச்சொல் ஆக்குவோர் அவருக்குக் கடன்பட்டவர்கள். விபுலானந்த அடிகள் ‘யாழ்நூ’லில் (1947) அதே உரைகளைக் கொண்டு தூய விகிதங்களையும் 22 அலகுகளையும் நிலைநாட்டினார். சான்று ஒன்றே, ‘அலகு’ சமக்கூறா அன்றா எனப் பொருள் கொண்டதில்தான் இருவரும் பிரிகின்றனர்.

ஆர்மோனியம் பற்றிய பூசலிலும் இச்சொற்குறை உண்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கி வைத்திருந்தது. அதன்மீது சாட்டப்பட்டவை இரண்டு: அதன் சுரங்கள் நமக்குரிய தானங்களில் நிற்பதில்லை, கமகம் அதில் எழாது. முன்னது பகிர்வு பற்றியது. நாக்குகளை அரவி வேறு அளவில் அமைத்தால் தீரும். பின்னது கட்டைக் கருவியின் இயல்பு. எவ்வாறு சுருதி கூட்டினும் தீராது. ‘சுருதி சேராத கருவி’ என்னும் ஒரே தொடரில் இரண்டையும் கட்டிவிட்டதால், ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றதற்கும் விடையாகக் கொள்ளப்பட்டது.

மாற்றுக்கு எங்கே செல்வது? சிலப்பதிகார வேனிற்காதை யாழ் நரம்பின் குற்றங்களாகச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கினைச் சுட்டுகிறது. பண்ணோடு பொருந்தாத இன்பமற்ற ஓசை செம்பகை. அளவிறந்து ஒலிப்பது ஆர்ப்பு. வெளிப்படாது மழுங்குவது கூடம். இழுமென இசையாது சிதறுவது அதிர்வு என்பது உரைமரபு. இவை மரத்தின் குறையால் விளைவன என்றும், நீரில் நின்ற மரமும் அழுகியதும் வெந்ததும் இடிவீழ்ந்ததும் யாழுக்கு ஆகா என்றும் உரைகள் கூறும். ஈரம் உண்ட ஒலிப்பலகையைப் பார்த்த எந்தப் பியானோ வினைஞரும் இதனை உடன்படுவர். நான்கும் பழுதின் பெயர்கள் என்பதே நமக்கு வேண்டுவது. நரம்புகளிடையே உள்ள உறவுக்கு வேறு சொற்கள் உள: இணை, கிளை, பகை, நட்பு. நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. இங்கே பகை என்பது குற்றம் அன்று. அமைப்பில் உள்ள உறவு. பஞ்சமத்தால் மட்டும் கட்டிய வரிசையில் தூய நிலையினின்று மிகுதியாகப் பிறழ்வனவும் மூன்றாவதும் ஆறாவதுமே. இதனைக் கொண்டு உரையாசிரியர் காலத்துச் சுருதிமுறையை முடிவு செய்ய இயலாது. ஆனால் பழுது வேறு, உறவு வேறு எனப் பிரித்து வழங்கிய ஒரு சொற்றொகுதி நம்மிடம் இருந்தது என்பது உறுதி.

செம்பகையைப் பியானோவின் இடைவெளிப் பிறழ்வுக்கு வழங்கலாம். ஒருசுரக் கம்பிகளின் பிணக்குக்கு அதிர்வு என்பதை வழங்க இயலாது. இயற்பியல் அச்சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கம்பிப் பிணக்கு’ என்றே எழுதலாம். வேண்டுமென்றே வைக்கும் பிறழ்வுக்குப் ‘பகிர்வு’. அது சமமாயின் ‘சமப் பகிர்வு’. விம்மலுக்கு இலங்கைப் பாடநூல்கள் ‘அடிப்பு’ என்கின்றன. அச்சொல் ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. தாளத்தோடு மயங்கவும் செய்யும். ஏறியிறங்கும் ஒலியைத் தமிழ்ச்செவி கேட்டபடி சொல்வது விம்மலே. இனி எஞ்சுவது ஒன்று. கம்பியின் விறைப்பால் அதன் மேற்சுரங்கள் முழுவெண் மடங்கினின்று சற்று உயர்ந்துவிடுவதால், பியானோவின் ஸ்தாயிகளை 2:1-இனும் சிறிது அகலமாக நிறுத்துவர். ரெயில்ஸ்பாக் 1938-இல் இதனை வரைபடமாகக் காட்டினார். இது பழுதும் அன்று, பகிர்வும் அன்று. ‘நீட்டல்’ என்றால் கால அளவோடு மயங்கும்; ‘ஸ்தாயி அகற்சி’ என்பது இப்போதைக்குப் பொருந்தும்.