சூரிய விளக்கும் நடுநிசிச் சேவலும்

அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு வெகுகாலமாயினும், அவ்வூர்களின் பூர்வீகப் பிரஜைகளாகிய மரநாயும் பெருச்சாளியும் சாரைப்பாம்பும் எங்கும் குடிபெயர்ந்துவிடவில்லை என்பதைக் கொல்லையில் நாலு சிறுவிடைக் கோழிகள் வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். மரநாய்க்குப் பழமே பிரதான ஆகாரமென்றாலும், தாழ்ப்பாள் தளர்ந்த கூட்டை அது விட்டுவைப்பதில்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் சம்ரக்ஷணையில் இருக்கும் பிராணியாதலால், அதைக் கொல்வதும் குற்றம், பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றம். விரட்டுவது ஒன்றே மார்க்கம். அதன் பொருட்டு ரிச்சி தெருவில் வாங்கிச் சித்திரையில் கூட்டின் நெற்றியில் மாட்டிய சோலார் சென்சார் விளக்கைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

வாட்டும் பாட்டரியும் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. ஐப்பசி மழையிலும் விளக்குப் பழுதாகவில்லை. பனைமரத்திலிருந்து இறங்கி மதில்மேல் வரும் மரநாய், பளீரென்ற வெளிச்சம் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஆனால் விளக்கு எரியும் மூன்று நிலைகளுக்கும் ஒற்றைப் பொத்தானை வைத்து, எந்த நிலையில் இருக்கிறது என்பதை இருட்டிய பிறகே தெரிந்துகொள்ளும்படி செய்த புத்திசாலியை நான் சந்திக்க விரும்புகிறேன்.

இவை யாவும் பொறுக்கத்தக்கவை. பொறுக்கமுடியாதது எங்கள் சேவல். மரநாய்க்கென்று எரிகிற விளக்கு, பூனைக்கும் எரிகிறது. எரிந்தபோதெல்லாம் சேவல், சூரியோதயம் ஆகிவிட்டதென்று தீர்மானித்து, கழுத்தை நிமிர்த்திக் கூவுகிறது. ஜப்பானிலுள்ள நகோயா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேவல் கூவுவது அதன் உடம்புக்குள்ளேயே ஓடும் கடிகாரத்தினால்தான். வெளிச்சம் பட்டாலும் கூவுமாயினும், விடியலை நெருங்கிய வேளையில் படுகிற வெளிச்சத்துக்கே அது அதிகமாக இசைந்து கொடுக்கும். எங்கள் கொல்லையில் இது அட்சரம் பிசகாமல் நடக்கிறது. நடுநிசியில் விளக்கு எரிந்தால் ஒரு கூவலோடு சமாதானமடைகிற சேவல், மூன்றரை மணிக்கு எரிந்தால் பால்காரர் வரும்வரை ஓய்வதில்லை; தெருப்பூனைகளோ அந்த மூன்றரை மணியைத்தான் உலாவுக்கு உகந்த முகூர்த்தமாகக் கொண்டிருக்கின்றன. ஆவடி டாங்க் தொழிற்சாலையில் ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டுப் பெரியவர், இயந்திர முழக்கத்துக்கே அசையாதவர், ஒருநாள் மதிலோரம் வந்து, "சார், உங்க சேவலுக்கு மணி பார்க்கத் தெரியாதா?" என்று கேட்டார். வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இந்தச் சாதனத்தில் இல்லை என்பதை அவரிடம் எவ்விதம் விளக்குவது!

இன்னொரு குறையும் உண்டு. இந்த சென்சார், சுற்றுப்புறத்தின் உஷ்ணத்திலிருந்து வேறுபட்ட உஷ்ணமுள்ள உடம்பு நகர்வதைக் கண்டே விழித்துக்கொள்வது. அக்கினி நட்சத்திரத்தில் இரவெல்லாம் சுவரே அனலாக இருக்கும்போது அதன் கூர்மை மங்கிவிடுகிறது; சுற்றுப்புறத்தின் சூட்டையே தன் உடற்சூடாகக் கொண்ட பாம்பு அதன் பார்வைக்குப் பெரும்பாலும் புலப்படுவதே இல்லை. முட்டையும் குஞ்சும் தேடி வருவதோ பாம்புதான். விளம்பரம் இதைப்பற்றி மௌனம் சாதிக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பெட்டைகள் மட்டுமே உள்ள வீட்டில் இவ்விளக்கு பிரயோஜனப்படும்; சேவல் வளர்ப்பவர்கள் வாங்க வேண்டாம். முன்னமே வாங்கியிருந்தால், கூட்டிலிருந்து கழற்றி, மரநாய் இறங்கும் மரத்தை நோக்கி, கூட்டுக்குள் ஒளி விழாதபடி மாட்டுங்கள். கையில் பணம் மிச்சமிருந்தால், பல்லுக்கு எளிதில் கிழியும் கோழிவலையை நீக்கிவிட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் மெஷ்ஷை வாங்கி, பெருச்சாளி தோண்ட முடியாதபடி ஓரடி மண்ணுக்குள் இறக்கிக் கூட்டைச் சுற்றி அடியுங்கள்.