யூனிட்டுக்கு ஒரு 'டிக்'

இன்சுலின் பேனாவின் பின்முனையைத் திருகும்போது யூனிட்டுக்கு ஒரு 'டிக்' கேட்கும். எண்ணைக் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்; ஆனாலும் ஒவ்வொரு யூனிட்டும் விரல்நுனியில் தட்டுப்படுவது தனிச் சுகம்.

சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுப் பழகியவரின் கைகளைக் கவனிக்க வேண்டும். பால்போல் கலங்கிய கலவை இன்சுலின் என்றால், குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுவார். புது ஊசியை மாட்டி 2 யூனிட்டை வெளியே தள்ளுவார்; நுனியில் ஒரு துளி பளிச்சென்று வந்து நிற்கும். 4 மி.மீ. ஊசி வயிற்றுத் தோலில் இறங்குவது பல நேரம் தெரிவதே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு 10 எண்ணும்வரை எடுக்காதிருப்பதில்தான் பொறுமை. நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி இன்று. ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு தடித்து, மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது.

குப்பியும் சிரிஞ்சும் மலிவு. ஆனால் மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் என நிறம் பார்த்து எடுக்க வேண்டும். பம்ப் இரவுபகலாகச் சிறுகச் சிறுக ஊட்டும், சாப்பாட்டு நேரத்தில் பொத்தானைத் தட்டினால் கூடுதலாகத் தரும். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃப்ரெஸா, மூச்சில் இழுக்கும் பொடி. ஊசிமருந்தைவிட விரைவாக ரத்தத்தில் கலந்து விரைவாகவே அடங்குவது அழகுதான். ஆனால் ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அளவும் 4, 8, 12 என்று தாவும். மருத்துவர் சொன்ன கணக்குப்படி ஓர் இட்லிக்காக ஒரே ஒரு யூனிட் கூட்டும் நுணுக்கம் பேனாவில் உண்டு, அந்தப் பொடியில் இல்லை.