பெயர் சொல்லி ஒலித்த பாட்டு

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் ஒரு திரைப்பாடல் ஒலிப்பதற்கு முன்னால் சில பெயர்கள் வரும். படத்தின் பெயர், பாடியவர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர். அறிவிப்பாளர் இவற்றை ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகமாட்டார். அழுத்தம் திருத்தமாகச் சொல்வார். கிழக்குக்கரை ஊர்களான மருதமுனையிலும் கல்முனையிலும் நிந்தவூரிலும் வளர்ந்த இரண்டு தலைமுறைக்குத் திரைப்பாட்டு என்பது இந்தப் பெயர்களோடு சேர்ந்த ஒன்று. கண்ணதாசன் எழுதியது எது, மருதகாசி எழுதியது எது என்று படம் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் கொழும்பிலிருந்து வந்த அந்தக் குரல்கள்தான்.

இசைத்தட்டைத் தேடி எடுத்து, பலர் மறந்த பாட்டை மறுபடி காதில் போட்ட அந்த அறிவிப்பாளர்களின் காதல் நமக்குத் தந்தது என்ன, தராமல் விட்டது என்ன என்று இப்போது நிதானமாகப் பார்க்கலாம். அறிவிப்பாளர்களைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம். அவர்கள் செய்த வேலையை எடைபோட்டு எழுதப்பட்டவை குறைவு.

இந்த வேலைக்கு வாய்ப்புத் தந்தது கடலுக்கு அப்பால் நடந்த ஒரு காரியம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தரக்குறைவாக மதித்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த, அன்று ரேடியோ சிலோன் எனப்பட்ட இலங்கை வானொலிக்கு அது பெரிய வாசலாயிற்று. இந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அதே 1952இல் தொடங்கியது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் வழி திறந்தார், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட், ராஜேஸ்வரி சண்முகம் என்று தனித்தனிக் குரல் கொண்டவர்கள் வந்தார்கள். 1957இல் இந்தியா விவித்பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டின் தென்கரை கொழும்பை விட்டுவிடவில்லை.

மருதமுனை கைத்தறியூர். சாரமும் சேலையும் நெய்கிற ஊரில் கையும் காலும் தறிக்குச் சொந்தம். காது மட்டும் சும்மா இருக்கும். வானொலி வந்து உட்கார்ந்தது அந்தக் காதில்தான். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘நீங்கள் கேட்டவை’. தபால் அட்டையில் விருப்பப் பாடலை எழுதிப் போட்டுவிட்டு, வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலில் தன் பெயரும் ஊரின் பெயரும் வருகிறதா என்று காத்திருப்பது அந்நாளைய வழக்கம். தலைநகரின் செய்திகளில் அபூர்வமாக மட்டும் இடம்பெற்ற கரையோர ஊர்கள் பாட்டு நிகழ்ச்சியில் அன்றாடம் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்துப் பெயரும் மலைநாட்டுத் தோட்டத்துப் பெயரும் மருதமுனைப் பெயரும் ஒரே மூச்சில் ஒரே பாட்டுக்காக வாசிக்கப்பட்டதைச் சிறிய காரியம் என்று ஒதுக்க முடியாது. பின்னாளில் இந்த மூன்று மக்களையும் பிரித்துவைத்த எத்தனையோ நடந்தன. அந்தப் பட்டியல் அவர்களைச் சேர்த்து வாசித்தது. அது முதல் நன்மை.

இரண்டாவது நன்மை, தோற்ற படத்தின் பாட்டைத் தோற்காமல் காத்தது. படம் இரண்டு வாரத்தில் திரையரங்கை விட்டுப் போய்விட்டால் அதன் பாட்டும் சந்தையிலிருந்து மறைந்துவிடும். வசூலுக்கும் மெட்டின் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்டியது இந்த அறிவிப்பாளர்களின் தேர்வு. பெயரே நினைவில் இல்லாத படங்களின் பாடல்கள் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. கொழும்பின் தட்டுக் களஞ்சியமும், அதில் எது எங்கே இருக்கிறது என்று அறிந்த சில மனிதர்களும் இல்லாவிட்டால் அவை போயிருக்கும்.

இதே காதலின் இன்னொரு வடிவம் இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்தது. மன்செஸ்டர், விகன் போன்ற பஞ்சாலை, சுரங்க ஊர்களின் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் 1960களின் ‘சோல்’ இசையில் மயங்கினார்கள். அதிலும் அமெரிக்காவிலேயே விற்காமல் போன தட்டுகள்தான் அவர்களுக்கு வேண்டும். லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் கோடின், வடக்கிலிருந்து வருவோர் புதியதை விட்டுப் பழையதையே கேட்கிறார்கள் என்று கவனித்தார். 1970இல் அந்த ரசனைக்கு ‘நோர்தன் சோல்’ என்று பெயரிட்டு எழுதினார். 1973 செப்டெம்பரில் விகன் கசினோ மண்டபத்தில் விடியவிடிய நடக்கும் ஆட்ட இரவுகள் தொடங்கின. 1981 டிசம்பரில் முடிந்தன. அங்கே நாயகன் பாடகன் அல்ல, தட்டைத் தேடிக் கொண்டுவரும் டிஜேதான். ரிச்சர்ட் சேர்லிங் என்ற டிஜே 1973இல் பிலடெல்பியாவில் பழைய தட்டுகளுக்கிடையே குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெயின்டட் லவ்’ என்ற பாட்டைக் கண்டெடுத்தார். 1965இல் வெளிவந்தபோது யாரும் பொருட்படுத்தாத பாட்டு அது.

தறி ஊருக்கும் பஞ்சாலை ஊருக்கும் இதில் ஓர் ஒற்றுமை உண்டு. உடல் உழைப்பில் நாள் கழிக்கிற மக்கள், தங்களுக்கென்று யாரும் செய்து தராத இசையைத் தூரத்திலிருந்து எடுத்துத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். சந்தை சொன்ன தரவரிசையை இரண்டு கூட்டமும் ஏற்கவில்லை. ரசனைக்குப் பட்டமும் பணமும் தேவையில்லை என்று இரண்டும் காட்டின.

வேற்றுமை பெயர் சொல்வதில் இருக்கிறது. விகனின் டிஜேக்களுக்கிடையே போட்டி கடுமை. தன்னிடமுள்ள பாட்டு மற்றவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று தட்டின் முகப்பில் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். பாடகருக்குப் பொய்ப்பெயர் வைத்து ஒலிக்கவிட்டார்கள். பிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுன் நிறுவனத்துக்காக ஒரு பாட்டுப் பாடினார். தட்டு வெளியிடப்படாமலே நிறுத்தப்பட்டது; அச்சான பிரதிகளில் ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன. தப்பிய பிரதி 1970களில் இங்கிலாந்து வந்தபோது ‘எடி பொஸ்டர்’ என்ற பெயரில் அது ஒலித்தது. ஆயிரக்கணக்கானோர் அந்தக் குரலுக்கு ஆடினார்கள். குரலுக்குரியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. 2009இல் அந்தத் தட்டின் பிரதி ஒன்று 25,742 பவுணுக்கு ஏலம் போனது. பாட்டை விடத் தட்டு பெரிதாகிவிட்ட இடம் அது. ‘டெயின்டட் லவ்’ பாட்டுக்கும் இதற்குக் கிட்டிய கதைதான். 1981இல் ‘சொவ்ட் செல்’ என்ற இங்கிலாந்துக் குழு அதைப் பாடிப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோயிற்று. முதலில் பாடிய பெண்ணின் பெயர் இன்றும் ரசிகர் வட்டத்துக்கு வெளியே அதிகம் தெரியாது.

கொழும்பு அறிவிப்பாளர் இப்படிச் செய்யவில்லை. மறைத்துவைத்துப் பெருமை தேடும் தேவை அவருக்கு இல்லை. தட்டு அவருடைய சொத்தல்ல, பொது நிறுவனத்தின் சொத்து. சம்பளம் பாட்டைச் சொல்வதற்கு. ஆகவே பெயர் சொல்லும் ஒழுக்கம் தனிமனிதரின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததல்ல. அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. நல்ல வழக்கங்கள் நிலைப்பதற்கு நல்ல மனிதர் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

ஆனாலும் குறைகள் உண்டு. முதலாவது, அந்த நான்கு பெயர்களோடு அறிவிப்பு நின்றுவிட்டது. புல்லாங்குழல் வாசித்தவர், கூடப் பாடிய கோரஸ் பெண்கள், ஒலிப்பதிவு செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. அறிவிப்பாளரின் குரலோ நாளடைவில் பாட்டைவிடப் பெரிதாயிற்று. எந்தப் பாட்டு என்பதைவிட யார் அறிவித்தார் என்பது பேச்சானது. ‘பாட்டுக்குப் பாட்டு’ நேயரின் நினைவாற்றலைத் தீட்டிய அருமையான நிகழ்ச்சி. ஆயினும் அதில் பாட்டு முதலடியின் முதலெழுத்தாகச் சுருங்கியதும் உண்மை.

இரண்டாவது, காலம் உறைந்துபோனது. ‘இடைக்காலப் பாடல்கள்’ என்று நம் வானொலிகள் ஒரு வகையைக் கட்டிவைத்து, அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகின்றன. இதில் ஒரு விசித்திரம் உண்டு. கே.எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’ அந்நாளில் புத்தம்புதிய படங்களை மக்களிடம் கொண்டுசென்ற நிகழ்ச்சி. அவர் நேற்றையதைப் பாதுகாக்க வந்தவரல்லர். நாளை திரைக்கு வருவதை விற்க வந்தவர். அவருடைய வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பின்பற்றுகிறவர்கள் அவருடைய துணிவைப் பின்பற்றவில்லை. வட இங்கிலாந்திலும் இதே சண்டை நடந்தது. பிளக்பூல் மெக்கா மண்டபத்தில் இயன் லெவினும் கொலின் கேர்ட்டிசும் 1970களின் புதிய தட்டுகளை ஒலிக்கவிட்டபோது, பழைய ஒலியே வேண்டும் என்றவர்கள் லெவின் வெளியேற வேண்டுமென்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். பழையதைக் காப்பது கடமை. பழையது மட்டுமே நல்லது என்பது சோம்பல்.

மூன்றாவது குறைதான் நம்மைப் பொறுத்தவரை பெரியது. கண் முழுவதும் அக்கரையில் இருந்தது. இலங்கை வானொலியே ஈழத்து மெல்லிசைப் பாடல்களைப் பதிந்து ஒலிபரப்பியது உண்மை. ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்களும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும் தெருவெல்லாம் ஒலித்தன. ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ போன்ற நம் நாட்டுப் படங்களுக்கும் பாடல்கள் இருந்தன. ஆனால் தமிழ்நாட்டில் தோற்ற படத்தின் பாட்டுக்குக் கிடைத்த தேடலும் பரிவும் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. அரிய பாடல் என்றவுடன் நம் அறிவிப்பாளர் நினைவு சென்னைக்குப் போயிற்று. தன் நிலையத்திலேயே பதிவான நாடாக்களுக்கு வரவில்லை.

அதைவிடவும் அருகில் இருந்தவை கிழக்குக்கரை முஸ்லிம்களின் கிராமியக் கவிகள். வயலிலும் வாசலிலும் பெண்களும் உழவரும் பாடிய இந்தக் கவிகளைத் தேடித் தொகுத்தவர்களில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முக்கியமானவர். ஏட்டில் அவை வந்துவிட்டன. குரலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்கு எழுப்பிய பக்கீர் பாவாக்களின் றபான் கொட்டொலி, கம்படித்து ஆடும் பொல்லடிக்காரரின் பாட்டு, கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் பாடகர் நாகூர் ஹனிபாவுக்கு முன்னும் பின்னும் ஊர்க்காரர் பாடியவை எல்லாம் தேடலுக்குரியவைதான். புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும் மருதூர்க் கொத்தனும் மருதூர்க்கனியும் எழுதிய ஊர் மருதமுனை. எழுத்தை மதித்த அளவுக்கு ஒலியை நாம் மதிக்கவில்லை.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதமும் நம் ஊர்களில் இந்தத் தேடலைத் தயங்கவைத்தது. அந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் கவிக்கு வாத்தியம் கிடையாது. அது மனிதக் குரலும் தமிழும் மட்டுமே. ஒலிக்கவிட விரும்பாதவருக்குக்கூட, பாட்டியின் வாய்மொழியை ஆவணமாகப் பேணுவதில் தடை காண நியாயம் குறைவு.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. முன்பு பாட்டு அரிதாக இருந்தது, பெயர் தாராளமாகக் கிடைத்தது. இப்போது கைபேசியில் பாட்டு வெள்ளமாக வருகிறது, பெயரைத்தான் காணோம். பல எப்.எம். நிலையங்களில் நேயரின் சுகம் விசாரிக்கும் நேரத்தில் ஒரு பங்குகூடப் பாட்டு எழுதியவருக்குக் கிடைப்பதில்லை. கல்யாண மண்டபத்து டிஜே மூன்று பாட்டை ஒன்றாகக் கலக்கிவிடுகிறார். கலவை அவர் பெயரில் போகிறது, மூன்று பாட்டின் சொந்தக்காரரும் மறைகிறார்கள். பழைய வானொலி நாடாக்களை யூரியூபில் ஏற்றுகிறவர்களும் யார், எப்போது, எங்கே என்ற விவரம் எதுவும் தராமல் ஏற்றுகிறார்கள். விகனில் காகிதம் ஒட்டி மறைத்தார்கள் என்றால், இங்கே அலட்சியமே அந்தக் காகிதம்.

ஆகவே என் தீர்ப்பு இது. அரிய பாட்டைத் தேடும் காதல் தன்னளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. தேடியவர் அதைப் பெயரோடு பொதுவில் வைத்தால் அது தொண்டு. பெயரை மறைத்துத் தன் பெட்டியில் பூட்டினால் அது வெறும் உடைமை. கொழும்பின் அறிவிப்பாளர்கள் பெயரைச் சொன்னார்கள்; ஆனால் பக்கத்தில் இருந்த பாட்டைத் தேடவில்லை. அந்த ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் விட்ட திசையில் தேடுவது இப்போது நம் பங்கு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது மருதமுனைக் கரையோர வீடுகளோடு அலுமாரிகளும் அவற்றிலிருந்த கசெட்டுகளும் போயின. மிஞ்சியவை உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இணையத்தில் நம் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் பேணி வருகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதே கரையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய கசெட் ஏதும் இருந்தால் எறியாதீர்கள். யார் பாடியது, எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில் என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். பிறகு அதைப் பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.